பெட்டியில் தூங்கும் கோட்டு, கல்யாணத்துக்கு உதவும்!

கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது. சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. கடைசியில் ஒரு கேள்வி எழுகிறது.

"மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு?"

வரவேற்புக்குக் கோட்டு போடுவது இன்று ஊரெங்கும் வழக்கமாகிவிட்டது. கிராமத்திலும் அதை விட முடிவதில்லை. ஆனால் அந்தக் கோட்டு எத்தனை முறை உடம்பில் ஏறுகிறது? பெரும்பாலும் ஒரே ஒரு மாலைதான்! அந்த ஒரு மாலைக்குச் செலவாகும் பணம் எப்படி வந்த பணம் என்பதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்தில், ராசிபுரத்தை அடுத்து, ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிறது நாமகிரிப்பேட்டை. கல்யாண வீடுகளுக்கு இந்த ஊரின் பெயர் நன்றாகத் தெரியும். நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924-2001) ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனவர். ஊருக்கு இன்னொரு பெருமை மஞ்சள். மஞ்சள் எட்டு ஒன்பது மாதம் மண்ணுக்குள் கிடக்கிறது. பிறகு அதைத் தோண்டி எடுத்து, வேக வைத்து, வெயிலில் காய வைத்து, மெருகு ஏற்றி ஏலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே விலை ஏறியும் இருக்கும், இறங்கியும் இருக்கும்.

இப்படி வந்த பணத்தை ஒரு மாலைக் கோட்டுக்குக் கொட்டலாமா? அதற்காகக் கடன் வாங்கலாமா?

வேண்டியதில்லை! பல வீடுகளில் கோட்டு ஏற்கனவே இருக்கிறது. தாத்தாவின் பெட்டியிலோ, அப்பாவின் பீரோவிலோ அது தூங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்பத் தெரிந்தால் போதும்.

கோட்டு எப்படி வந்தது?

சேலம், நாமக்கல் சமவெளியில் சித்திரை வெயில் 100 டிகிரியைத் தாண்டும். இந்த ஊர்களில் கம்பளிக் கோட்டை யார் போட்டார்கள்?

பலர் போட்டார்கள். வக்கீல் போட்டார். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் போட்டார். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் வேட்டிக்கு மேல் கோட்டு போட்டுத் தலைப்பாகையும் கட்டினார். மகாகவி பாரதியார் என்றதும் முண்டாசோடு கறுப்புக் கோட்டும் நம் நினைவுக்கு வருகிறது அல்லவா?

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர்.சுந்தரத்தைப் பற்றி எல்லோரும் அறிவார்கள். 1935-ம் ஆண்டில் அந்தப் படக்கம்பெனியைத் தொடங்கியவர் அவர். சினிமாவுக்கு வரும் முன்பு அவர் என்ன படித்தார், தெரியுமா? ஜவுளித் தொழில்! இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகரத்துக்குப் போய்ப் படித்தார். கம்பளித் துணிக்கும் கோட்டுத் தையலுக்கும் உலகப் புகழ் பெற்ற நகரம் அது.

மற்றவர்கள் வீட்டில் கோட்டு வந்தது பெரும்பாலும் கல்யாணத்தின் போதுதான். மாப்பிள்ளை அழைப்புக்குப் போட்டார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

இதிலே ஒரு நன்மை உண்டு. வெயில் நாட்டில் கோட்டை அதிகம் போட முடியாது. போடாததால் அது தேயவும் இல்லை. வெளியே பழசு என்றாலும், பல கோட்டுகளின் துணி இன்னும் கெட்டியாகவே இருக்கிறது.

முதலில் தோளைப் பாருங்கள்

பழைய கோட்டை எடுத்ததும் தையற்காரரிடம் ஓடாதீர்கள். முதலில் மாப்பிள்ளைக்கு அதைப் போட்டுப் பாருங்கள். பார்க்க வேண்டிய இடம் வயிறு அல்ல, தோள்!

கோட்டின் உயிர் தோளில் இருக்கிறது. உள்ளே கேன்வாஸ் துணி, பஞ்சுத் திண்டு, லைனிங் என்னும் உள்துணி, கைகளின் இணைப்பு எல்லாம் அங்கேதான் சந்திக்கின்றன. தோளைக் குறைக்க வேண்டும் என்றால் கையைக் கழற்ற வேண்டும், உள்துணியைப் பிரிக்க வேண்டும், திண்டை எடுத்து மறுபடியும் வைக்க வேண்டும். பாதிக் கோட்டை மறுபடி தைப்பது போன்ற வேலை அது. கூலியும் அப்படியே இருக்கும்.

ஒரு சுலபமான சோதனை சொல்கிறோம். கோட்டைப் போட்டுக்கொண்டு, சுவருக்குப் பக்கவாட்டில் நின்று மெல்லச் சாயுங்கள். உங்கள் கை சுவரில் படும்போதே தோளும் ஒட்டினாற்போல் பட்டால் அளவு சரி. கை படுவதற்கு முன்பே தோள் திண்டு மட்டும் சுவரில் இடித்தால் கோட்டு பெரிது. தோள் இறுக்கிப் பிடித்தால் சிறிது.

தோள் சரியாக இருந்தால் கோட்டு பிழைத்தது! மற்றவை எல்லாம் திருத்தக் கூடியவை.

உள்ளே ஒளிந்திருக்கும் துணி

"தாத்தா ஒல்லி. பேரன் கொஞ்சம் பருமன். எப்படிப் பொருந்தும்?" என்று கேட்பீர்கள்.

கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய தையற்காரர்கள் கெட்டிக்காரர்கள். முதுகின் நடுத் தையலிலும், இரண்டு பக்கத் தையல்களிலும், கையின் நுனியிலும் கொஞ்சம் துணியை வெட்டாமல் உள்ளே மடித்து விட்டிருப்பார்கள். பேண்டின் பின்பக்க நடுத் தையலில் இன்னும் தாராளமாக விட்டிருப்பார்கள். ஆள் பருத்தால் பிரித்து விடலாம் என்ற யோசனைதான்!

அந்தத் துணியை விரலால் தடவி அளவு பார்க்கலாம். பேண்டின் இடுப்பில் பெரும்பாலும் ஓர் அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை பிரித்து விட இடம் கிடைக்கும். கோட்டில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும். கையின் நுனியில் ஓர் அங்குலம் கிடைக்கலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! உள்ளே மடிந்த துணி வெளுத்திருக்காது. வெளியே இருந்த துணி வெளுத்திருக்கும். பிரித்து விட்டால் இரண்டு நிறமாகக் கோடு தெரியலாம். அதனால் முதலில் இரண்டு அங்குல நீளத்துக்கு மட்டும் தையலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் ஒத்துப்போனால் மேலே செய்யலாம்.

எது சுலபம்? எது கடினம்?

செலவு குறைந்த வேலைகள் இவை:

பேண்டின் நீளத்தைக் குறைப்பது. பேண்டின் இடுப்பைப் பிடிப்பது அல்லது பிரித்து விடுவது. கோட்டின் இடுப்பைப் பக்கத் தையலில் பிடிப்பது. கையின் நீளத்தைக் குறைப்பது. பொத்தான்களை மாற்றுவது.

அப்பாவின் பெட்டியில் 1970-களின் பெல்பாட்டம் பேண்ட் இருக்கிறதா? சிரிக்காதீர்கள்! கீழே அகலமாக இருப்பதைக் குறுக்குவது மிகவும் சுலபம். குறுகலானதை அகலமாக்கத்தான் முடியாது.

கொஞ்சம் கூலி கூடுதலாகும் வேலைகள் உண்டு. உள்துணி முழுவதையும் மாற்றுவது அப்படி ஒன்று. கை நுனியில் உண்மையான காஜா வெட்டியிருந்தால் கையைக் குறைப்பதும் அப்படித்தான். காஜாவை நகர்த்த முடியாது அல்லவா?

கைவைக்காமல் விட வேண்டியவையும் உண்டு. ஒன்று தோள். இன்னொன்று கோட்டின் நீளம். நீளத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் குறைத்தால், பைகள் கீழ் ஓரத்தை ஒட்டி வந்து நிற்கும். பார்க்க நன்றாக இருக்காது. இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டை ஒற்றை வரிசையாக மாற்றுவதும் வீண் செலவு. அதை அப்படியே போடுங்கள். அதற்கும் ஒரு கம்பீரம் உண்டு.

ஓட்டையை மூடும் கலை

கோட்டை விரித்தால் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிகின்றனவா? அது அந்துப்பூச்சியின் வேலை. பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை. அதன் புழுதான் தின்கிறது. வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடம் அதற்கு மிகவும் பிடிக்கும்.

இந்த ஓட்டையை இழை ஓட்டி மூடலாம். வட நாட்டில் இதற்கு ரபூ என்று பெயர். கோட்டின் உள்மடிப்பில் இருந்தே சில இழைகளை உருவி எடுத்து, ஊசியில் கோத்து, ஓட்டையின் குறுக்கும் நெடுக்கும் தறியில் நெய்வது போல நெய்துவிடுகிறார்கள். அதே துணியின் இழை என்பதால் நிறம் மாறுவதில்லை. உத்தரப்பிரதேசத்தில் உள்ள நஜீபாபாத் இந்தக் கலைக்குப் பெயர் போன ஊர். விலை உயர்ந்த காஷ்மீர்ச் சால்வைகளை அந்த ஊர்க் கைகள் தலைமுறை தலைமுறையாகச் செப்பனிட்டு வருகின்றன.

எல்லா ஓட்டைக்கும் இது வேண்டாம். கண்ணில் படும் மார்பிலும் காலரிலும் இழை ஓட்டினால் போதும். பேண்டின் உட்காரும் பகுதி தேய்ந்திருந்தால் உள்ளே ஒட்டுத்துணி வைத்துத் தைக்கலாம். முழங்கை தேய்ந்திருந்தால் மேலேயே தோல் துண்டு வைத்துத் தைக்கலாம். அது ஒட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாகரிகம் என்பார்கள்!

கை இரண்டும் கெட்டுப்போன கோட்டையும் எறிய வேண்டாம். கைகளை நீக்கிவிட்டு, கழுத்தையும் அக்குளையும் வெட்டிச் சரிசெய்தால் வெயிஸ்ட் கோட்டு கிடைக்கும்.

திருப்பித் தைத்த கோட்டு

பழசைத் திருத்திப் போடுவது கௌரவக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்கள் இந்தக் கதையைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் போது, 1941-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது. காசு இருந்தாலும் கூப்பன் இல்லாமல் துணி வாங்க முடியாது. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன்கள். கம்பளிக் கோட்டுக்கு 13, பேண்டுக்கு 8, வெயிஸ்ட் கோட்டுக்கு 5. ஆக, ஒரு முழு சூட்டுக்கே 26 கூப்பன்கள் போய்விடும்!

துணியை மிச்சப்படுத்த, பேண்டின் கால் நுனியை வெளியே மடித்துத் தைப்பதற்கே 1942-ல் தடை போட்டார்கள். இருக்கும் துணியைச் செப்பனிட்டு உடுத்துவது எப்படி என்று 1943-ல் சர்க்காரே சிறு புத்தகம் வெளியிட்டது. 1949 மார்ச் வரையில் இந்த ரேஷன் நீடித்தது. நம் நாட்டிலும் 1943-ல் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது.

அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஒரு வித்தை, கோட்டைத் திருப்பித் தைப்பது. மேல்பக்கம் வெளுத்துப்போனால் கோட்டை முழுவதும் பிரிப்பார்கள். வெளுக்காத உள்பக்கத்தை வெளியே வைத்து மறுபடியும் தைப்பார்கள். கோட்டு புத்தம் புதிதாகிவிடும்! ஆனால் ஒன்று மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். இடது மார்பில் இருந்த பை வலது மார்புக்கு வந்துவிடும்! அந்தப் பையைப் பார்த்ததும் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இன்று இந்த வேலைக்குக் கூலி கட்டாது. ஆனால் துணியை எவ்வளவு மதித்தார்கள் என்பதை இது காட்டுகிறது.

தண்ணீரில் போடாதீர்கள்!

அழுக்கு என்று எண்ணிக் கம்பளிக் கோட்டை வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். கம்பளி இழையின் மேல் மீனின் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. தண்ணீரில் போட்டு அலசும்போது அவை ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கின்றன. துணி சுருங்கித் தடித்துவிடும். பிறகு எந்தத் தையற்காரராலும் அதைக் காப்பாற்ற முடியாது. டிரை கிளீனிங் செய்யும் கடையில் கொடுப்பதே நல்லது.

துணி கம்பளிதானா என்று சந்தேகமா? உள்மடிப்பில் இருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, விரலில் நசுங்கும் சாம்பல் ஆனால் அது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அது டெரிலின் வகை. இரண்டும் கலந்த துணியும் உண்டு. இந்தச் சோதனையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். உருகிய மணி ஆறும் வரை தொடக் கூடாது.

இஸ்திரிப் பெட்டியை நேராகக் கோட்டின் மேல் வைக்கக் கூடாது. வைத்தால் துணி பளபளவென்று மின்னும். அந்த மினுமினுப்பு லேசில் போகாது. நடுவில் ஓர் ஈரத் துணியை விரித்துத் தேய்க்க வேண்டும்.

பெட்டியில் பாச்சை உருண்டை போட்டிருந்தால், போடுவதற்கு முன்பு சில நாட்கள் கோட்டைக் காற்றாட நிழலில் தொங்க விடுங்கள். அந்த வாடை கைக்குழந்தைகளுக்கு ஆகாது. சில குழந்தைகளுக்கு ரத்தத்தையே கெடுத்துவிடும். வேப்பிலையும் வசம்பும் வைப்பது நம் வீட்டு வழக்கம். எதை வைத்தாலும், ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்து உதறி, பிரஷ் போட்டு வைப்பது அதைவிட முக்கியம்.

யாரிடம் கொடுப்பது? கூலி எப்படிப் பேசுவது?

சட்டை தைப்பவர் எல்லோரும் கோட்டு தைப்பவர் அல்ல. கோட்டு தெரிந்தவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீதிமன்றம் இருக்கும் ஊரில் விசாரியுங்கள். ராசிபுரம், நாமக்கல், சேலம் ஆகிய ஊர்களில் நீதிமன்றங்கள் இருக்கின்றன. வக்கீல்கள் கறுப்புக் கோட்டு போட வேண்டும் என்பது விதி. அந்தக் கோட்டுகளை யார் தைக்கிறாரோ, அவரிடம் போங்கள்.

வேலையை ஒன்றாகப் பேசாதீர்கள். "இடுப்புக்கு எவ்வளவு? கைக்கு எவ்வளவு? உள்துணிக்கு எவ்வளவு?" என்று தனித் தனியாகக் கேளுங்கள். அவசியமானதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். மொத்தக் கூலி ஒரு புதுக் கோட்டின் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடக் கூடாது.

அதே சமயம் கூலியை ஒரேயடியாக அடித்துப் பேசாதீர்கள். "பழைய துணிதானே! நாலு தையல்தானே!" என்று சொல்வது நியாயம் இல்லை. புதுத் துணியை வெட்டித் தைப்பவருக்கு வழி நேராக இருக்கிறது. பழசைத் திருத்துபவர், முன்பு ஒருவர் போட்ட தையலை நோகாமல் பிரிக்க வேண்டும், அவர் மனத்தில் நினைத்ததைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் தன் தையலைப் போட வேண்டும். கண் வலிக்கும் வேலை அது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். முகூர்த்த மாதத்தில் எல்லாத் தையற்காரருக்கும் தலைக்கு மேல் வேலை. பாதி வேலையில் ஒரு முறை போட்டுப் பார்ப்பதும் அவசியம். அப்போது கல்யாணத்துக்குப் போட இருக்கும் அதே சட்டையையும் செருப்பையும் போட்டுக்கொண்டு போங்கள். சட்டையின் கை, கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் தெரிய வேண்டும். பொத்தான் போட்டால் வயிற்றில் சுருக்கம் இழுக்கக் கூடாது.

விட்டுவிட வேண்டிய கோட்டும் உண்டு

எல்லாக் கோட்டும் பிழைக்காது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் துணி கிழிகிறதா? விட்டுவிடுங்கள். மார்புப் பகுதியில் கொப்புளம் போல உப்பியிருக்கிறதா? உள்ளே இருக்கும் கேன்வாஸைத் தைக்காமல் பசையால் ஒட்டிய கோட்டு அது. பசை விட்டுப்போனால் செப்பனிடுவது கடினம்.

அப்படிப்பட்ட கோட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. 1813-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பேட்லி என்ற ஊரில், பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளித் துணியைக் கிழித்து மறுபடியும் நூலாக்கும் வழியைக் கண்டார். இன்று அந்தத் தொழிலுக்குப் பெரிய இடம் நம் நாட்டில், அரியானாவில் உள்ள பானிப்பட்டு. வெளிநாடுகளில் கழித்த கோட்டுகள் அங்கே வந்து குவிகின்றன. நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்து, நூற்று, போர்வையாக நெய்கிறார்கள். எங்கோ ஒரு துரை போட்ட கோட்டு, இங்கே ஓர் ஏழையின் குளிரைப் போக்குகிறது!

பெட்டியில் இருக்கும் கோட்டு பானிப்பட்டுக்குப் போகும் நிலையில் இல்லை என்றால், அது மணமேடைக்குப் போகலாம். வரவேற்பில் பேரன் அதைப் போட்டு நிற்கும்போது, "இது தாத்தா கல்யாணத்தில் போட்ட கோட்டு" என்று தாராளமாகச் சொல்லலாம். வாடகைக் கோட்டைக் காட்டி அப்படிச் சொல்ல முடியுமா?

ஒன்றை மட்டும் தையற்காரரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். கோட்டைப் பிடித்துத் தைக்கும்போது, உள்ளே மிச்சமாகும் துணியை வெட்ட வேண்டாம். மடித்து உள்ளேயே விடச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒருவர் அப்படி விட்டதால்தான் இன்று பேரனுக்குப் பொருந்துகிறது. இவனுடைய மகன் எந்த அளவில் வளரப் போகிறானோ, யார் கண்டது?